புயலழித்த ஓடுபாதையும் தனியார் சிறு விமானங்களும்

2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 26ஆம் திகதி இரவு ஹெலீன் என்னும் பெயருடைய சூறாவளி ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலக் கரையைத் தாக்கியது. அவ்வேளை அதன் காற்று மணிக்கு 140 மைல் வேகத்தில் வீசிற்று. நிலத்தின் மேல் வடக்கு நோக்கிச் சென்றபோது காற்றின் வலி குன்றியதேயன்றி, அது சுமந்து சென்ற நீரின் அளவு குன்றவில்லை. கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள வட கரோலினா மாநிலத்தின் மேற்கு மலைநாட்டில் அந்நீர் பெருமழையாகக் கொட்டியது. பியூசிக் என்னும் மலையூரில் சில நாட்களுள் 30 அங்குலத்துக்கு மேற்பட்ட மழை பதிவாயிற்று. பிரெஞ்சு புரோட், சுவனனோவா ஆகிய ஆறுகள் கரைபுரண்டன, பாலங்கள் அள்ளுண்டன, சரிந்த மலைமண் வீதிகளை மூடிற்று. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. அம்மாநிலத்தில் மாத்திரம் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

தரைவழி அடைபட்டவிடத்து எஞ்சியிருப்பது வான்வழியே. இராணுவ விமானங்களும் ஹெலிகொப்டர்களும் எழுந்தன. அவற்றோடு, தமக்கெனச் சிறு விமானம் வைத்திருக்கும் வணிகரும் மருத்துவரும் கமக்காரரும் ஓய்வுபெற்ற விமானிகளும் தத்தம் விமானங்களிற் பொருள்களை ஏற்றிக்கொண்டு மலைநாட்டை நோக்கிப் புறப்பட்டனர். இவர்களை ஏவியோர் எவருமிலர். ஊதியம் கொடுத்தோரும் இலர். மனித உள்ளத்தின் ஈரத்துக்கு இது நல்லதோர் சான்றாகும். ஆயினும், சில நாட்களுள் அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிருவாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. நிவாரணப் பணி காரணமாக மேற்கு வட கரோலினாவின் வான்பரப்பில் விமானப் போக்குவரத்து 300 வீதத்தால் பெருகிவிட்டது என்றும், விமானிகள் முன்கூட்டியே தொடர்புகொண்டு ஒழுங்குசெய்த பின்னரே வரவேண்டும் என்றும் அது அறிவித்தது.

உதவ வருவோரை ‘நில்லுங்கள்’ என்று சொல்லவேண்டிய நிலை ஏன் உண்டாயிற்று? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, புயல் ஒரு விமான நிலையத்தை யாது செய்கின்றது என்பதும், ஒரு சிறு விமானம் யாது செய்யவல்லது என்பதும் தெளியப்படல் வேண்டும். வினை தொடங்குவோன் இடமும் வலியும் காலமும் அறிந்து தொடங்க வேண்டும் என நம் அறநூலார் வகுத்தனர். அம்மூன்றும் இவ்விடயத்துக்கு முற்றும் பொருந்துவன.

முதற்கண் அந்நாட்டின் விமானப் பழக்கம் பற்றிச் சிறிது கூறுதல் தகும். வங்காள விரிகுடாவில் எழுந்து 1978ஆம் ஆண்டு மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியும், அத்திலாந்திக் சமுத்திரத்தில் எழுந்து ‘ஹரிக்கேன்’ எனப் பெயர் பெறுவதும் இயல்பால் ஒன்றே. ஆனால் அமெரிக்காவில் அழிவின் பின்னர் நிகழ்வது வேறு. அங்கே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட தனியார் விமானங்களும் சிறு வணிக விமானங்களும் உள. பொதுமக்கள் பயன்படுத்தத்தக்க விமான நிலையங்கள் சுமார் ஐயாயிரம். இவற்றுட் கட்டுப்பாட்டுக் கோபுரம் உடையவை ஏறக்குறைய ஐந்நூறு மாத்திரமே. எஞ்சியவற்றில் விமானிகள் ஒரு பொது வானொலி அலைவரிசையில் ‘இன்ன இடத்தில் இன்ன உயரத்தில் வருகின்றேன்’ எனத் தாமே அறிவித்து, ஒருவரையொருவர் கண்ணாற் பார்த்து விலகி இறங்குவர். நாளொன்றுக்குச் சில விமானங்களே வரும் நிலையத்துக்கு இம்முறை போதுமானது. அதே நிலையத்துக்கு மணிதோறும் பல விமானங்கள் வந்து குவியும்போது அம்முறை தன் எல்லையைத் தாண்டிவிடுகின்றது.

இனி, இடம் அறிதல். ஓடுபாதை என்பது நீண்டதொரு தார்ப்பரப்பு மாத்திரம் அன்று. அது வெளிச்சம், வானொலி, வானிலைக் கருவி, எரிபொருள், வேலி, ஊழியர் ஆகிய பலவும் கூடிய ஓர் அமைப்பாகும். புயல் இவற்றுள் ஒவ்வொன்றையும் வெவ்வேறு வகையில் தாக்குகின்றது.

காற்று அடங்கியதும் ஓடுபாதையில் மரக்கிளையும் கூரைத் தகடும் ஆணியும் கல்லும் சிதறிக்கிடக்கும். ஓர் ஆணி ரயரைக் கிழிக்கப் போதுமானது. ஒரு சிறு கல் சுழலும் விசிறியின் அலகைச் சிதைக்கவல்லது. வெள்ளம் வற்றிய பின்னர் மேற்பரப்பு செம்மையாய்த் தோன்றினும், அதன் கீழுள்ள மண் அரித்துச் செல்லப்பட்டிருத்தல் கூடும். வானிலிருந்து நோக்கும் விமானிக்கு அது புலப்படாது. விமானத்தின் பாரம் சக்கரத்தின் வழியே இறங்கும் கணத்திலேயே வெளிப்படும். வேலி வீழ்ந்தமையால் நாய்களும் கால்நடைகளும் ஓடுபாதையிற் புகுதல் உண்டு. வீடிழந்த மக்கள் மேட்டுநிலமென அங்கே வந்து தங்குதலும் உண்டு.

எரிபொருள் நிலையோ இன்னும் நுட்பமானது. பெற்றோலை இறைக்கும் பம்பி மின்சாரத்தால் இயங்குவது. மின்சாரம் இல்லாதபோது தொட்டி நிறைய எரிபொருள் இருந்தும் பயனில்லை. வெள்ள நீர் தொட்டியுட் கசிந்திருப்பின் அது பெற்றோலிலும் கனமானதாகையால் அடியிற் படியும். அந்நீர் எஞ்சினுட் சென்றால் விமானம் எழும்பிய சில கணங்களுள் எஞ்சின் நின்றுவிடக்கூடும். ஆகவே, புயலழித்த நிலையத்துக்குச் செல்லும் விமானி அங்கே எரிபொருள் கிடையாது எனக் கொண்டே புறப்படல் வேண்டும். மீளுதற்கு வேண்டிய எரிபொருளையும் போகும்போதே சுமக்க வேண்டும். இதனாற் பொருள் ஏற்றும் அளவு குறைகின்றது.

கருவிகள் அழிவதால் உண்டாகும் விளைவுக்கு 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆம் திகதி புவேர்ட்டோ ரிக்கோத் தீவைத் தாக்கிய மரியாச் சூறாவளி தக்க எடுத்துக்காட்டாகும். சான் யுவான் விமான நிலையத்தின் ஓடுபாதைகள் விரைவிலே திறக்கப்பட்டன. ஆயினும் றேடாரும் வழிகாட்டுங் கருவிகளும் செயலிழந்தமையால் ஆரம்ப நாட்களில் நாளொன்றுக்குச் சுமார் பன்னிரண்டு பயணிகள் விமானங்களையே அனுமதிக்க முடிந்தது. றேடாரின்றேல் விமானங்களின் இடத்தைக் கட்டுப்பாட்டாளர் திரையிற் காண இயலாது. விமானி வானொலியிற் கூறும் கணக்கையே நம்பி, ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே பெரும் இடைவெளி விடவேண்டியிருக்கும். பிக்கோ டெல் எஸ்ற்றே என்னும் மலையுச்சியிலிருந்த நெடுந்தூர றேடாரைத் திருத்தச் சென்ற தொழினுட்பவியலாளர் வீழ்ந்த மரங்களை இயந்திர வாளால் அறுத்து வழியமைத்துக்கொண்டே ஏறவேண்டியதாயிற்று. ஓடுபாதை திறந்துள்ளது என்பதால் விமான நிலையமும் முழுமையாகத் திறந்துள்ளது எனக் கொள்ளலாகாது என்பது இதனாற் பெறப்படும்.

சில இடங்களில் நிலையமே இல்லாமற் போதலும் உண்டு. 2019ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி டோரியன் சூறாவளி மணிக்கு 185 மைல் வேகக் காற்றுடன் பஹாமாஸ் நாட்டின் அபாக்கோ தீவுகளைத் தாக்கியது. பின்னர் கிராண்ட் பஹாமாத் தீவின் மேல் ஒரு நாளுக்கு மேலாக நகராது நின்றது. மார்ஷ் ஹார்பர் விமான நிலையம் நீருள் மூழ்கியது. கிராண்ட் பஹாமாவின் விமான நிலையக் கட்டடங்கள் சிதைந்தன. புளோரிடாக் கரையிலிருந்து அத்தீவுகளுக்குப் பறந்து பழகிய தனியார் விமானிகள் பலர், எந்த ஓடுபாதையில் எவ்வளவு பகுதி நீருக்கு வெளியே உள்ளது என்று முதலில் அறிய வேண்டியிருந்தது.

விமான நிலையத்தின் குறைபாடுகளை விமானிகளுக்கு அறிவிக்கும் முறையான அறிவித்தல்கள் உள. புறப்படுமுன் அவற்றை வாசித்தல் விமானியின் கடமை. ஆனால் ஒன்று மறக்கற்பாலதன்று. அறிவித்தலை அனுப்ப வேண்டிய ஊழியரின் வீடே இடிந்திருக்கலாம். அவருடைய தொலைபேசி செயலற்றிருக்கலாம். ஆதலின், புயலுக்குப் பின் அறிவித்தல் இல்லாமை நலத்துக்குச் சான்றன்று. அது சில வேளைகளிற் பேரழிவின் அறிகுறியாகவும் அமையும்.

வட கரோலினாவில் மலைகளும் ஓர் இடர்ப்பாட்டைச் சேர்த்தன. ஆஷ்வில் நகர விமான நிலையம் கடல் மட்டத்துக்கு 2,100 அடிக்கு மேல் அமைந்தது. அதற்கு 8,000 அடி நீளமான ஓடுபாதை உண்டு. ஆனால் அயலிலுள்ள மலைக் கிராமங்களின் நிலையங்களுட் சில 3,000 அடியளவு உயரத்தில் குறுகிய ஓடுபாதையோடு அமைந்தவை. அவ்வுயரத்தில் வளி கடல் மட்டத்திலும் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. வெப்பம் ஏறின் மேலும் குறையும். அடர்த்தி குறைந்த வளியில் இறக்கை தரும் தூக்குவிசையும் குறையும். எஞ்சினின் வலுவும் குறையும். ஆகவே நிறை மிகுந்த விமானம் மேலெழ நீண்ட தூரம் ஓட வேண்டும். தாழ்நிலத்தில் எளிதாக எழும்பிய அதே பாரம் மலையோடுபாதையில் எழும்பாது போதல் கூடும். முகில் தாழ்ந்து பள்ளத்தாக்கை மூடினால், உள்ளே புகுந்த விமானத்துக்குத் திரும்ப இடம் இராது.

தரையின் நிலை இவ்வாறாக, வானின் நிலை யாது? மணிக்கு 120 மைல் வேகத்தில் எதிரெதிரே வரும் இரு சிறு விமானங்கள் நிமிடத்துக்கு நான்கு மைல் வீதம் ஒன்றையொன்று அணுகுகின்றன. ஒரு மைல் தொலைவில் மற்றதைக் கண்ட விமானிக்குப் பதினைந்து செக்கன்களே உண்டு. மலைப்பின்னணியில் வெண்ணிறச் சிறுபொட்டு ஒன்றை அத்தொலைவிற் காணுதல் எளிதன்று. இதே வான்வெளியில் மரத்திலும் கூரையிலும் அகப்பட்டோரைக் கயிற்றால் தூக்கும் ஹெலிகொப்டர்கள் அசையாது நிற்கும். அவற்றின் விமானிகள் கீழே நோக்கியிருப்பர். தம்மை நோக்கி வரும் விமானத்தைக் காணார். இக்காரணத்தாலேயே பேரிடர்ப் பகுதிகளின் மேல் தற்காலிக வான்தடை விதிக்கும் அதிகாரம் அமெரிக்கச் சட்டத்திற் கொடுக்கப்பட்டுள்ளது. நிவாரணத்துக்கென முன்னனுமதி பெற்ற விமானங்கள் குறித்த நேரத்தில், குறித்த வழியில் அனுமதிக்கப்படும்.

நேரம் ஒதுக்கும் முறையின் இன்றியமையாமையை 2010ஆம் ஆண்டு ஜனவரியில் ஹெய்ட்டி நாடு உணர்த்தியது. அங்கே நேர்ந்தது புயலன்று, நிலநடுக்கம். ஆயினும் விமான நிலையத்தைப் பொறுத்தவரை விளைவு ஒத்ததே. தலைநகரின் ஒரே ஓடுபாதை தப்பியது. கட்டுப்பாட்டுக் கோபுரம் பழுதுற்றது. அமெரிக்க விமானப்படையின் கட்டுப்பாட்டாளர் சிலர் ஓடுபாதையின் அருகே மடக்கு மேசை ஒன்றை இட்டு, கைவானொலிகளைக் கொண்டு விமானங்களை இறக்கினர். நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் வந்து சென்றன. அங்கே பெருந்தட்டுப்பாடு ஓடுபாதையன்று. இறங்கிய விமானத்தை நிறுத்திப் பொருளை இறக்கும் இடமே. ஒரு விமானம் தாமதித்தால் வானில் வட்டமிடும் மற்றொன்று எரிபொருள் தீருமுன் வேறு நாட்டுக்குத் திரும்ப வேண்டும். மருத்துவக் கருவிகள் ஏற்றிவந்த விமானங்களும் இவ்வாறு திருப்பப்பட்டன.

அடுத்து, வலி அறிதல். ஒரு சிறு விமானம் எவ்வளவு சுமக்கும் என்பதைக் கணக்காற் காண்டல் நன்று. பலரும் பயன்படுத்தும் செஸ்னா 172 வகை விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் அண்மைக்கால வடிவத்தின் மிகக்கூடிய மொத்த நிறை 2,550 இறாத்தல். வெறும் விமானத்தின் நிறை ஏறக்குறைய 1,680 இறாத்தல். எஞ்சுவது 870 இறாத்தல். போகவும் மீளவும் வேண்டிய எரிபொருள் 53 கலன். கலனொன்று 6 இறாத்தலாக 318 இறாத்தல். விமானியின் நிறை 180 இறாத்தல் எனின், பொருளுக்கு எஞ்சுவது சுமார் 370 இறாத்தலே. தண்ணீர் கலனொன்று 8⅓ இறாத்தல். எனவே அவ்விமானம் கொண்டுசெல்லக்கூடிய குடிநீர் சுமார் 44 கலன். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கலன் எனின், அது நாற்பத்து நால்வருக்கு ஒருநாட் குடிநீராகும். சி-130 என்னும் இராணுவச் சரக்கு விமானமோ 42,000 இறாத்தல் சுமக்கும். நூற்றுப் பத்துக்கு மேற்பட்ட செஸ்னா விமானங்கள் கொண்டுவரும் நீரை அது ஒரே முறையிற் கொண்டுவந்துவிடும். அத்தனை செஸ்னாக்களும் நூற்றுப் பத்து முறைக்கு மேல் ஓடுபாதையைப் பிடித்துக்கொள்ளும். சி-130 ஒரு முறை மாத்திரமே பிடிக்கும்.

ஆயின் சிறு விமானம் பயனற்றதோ எனின், அன்று. பெருவிமானம் இறங்க முடியாத குறுகிய ஓடுபாதையில், சில வேளை புற்றரையிலும், சிறு விமானம் இறங்கவல்லது. அதன் சிறப்பு நிறையில் இல்லை; எட்டவியலாத இடத்தை எட்டுவதிலும், சிறியதும் அரியதுமான பொருளை விரைந்து சேர்ப்பதிலுமே உள்ளது. இன்சுலின் மருந்தின் ஒரு சிறு குப்பி ஆயிரம் அலகு கொண்டது. நாளொன்றுக்கு முப்பது அலகு வேண்டிய நீரிழிவு நோயாளி ஒருவருக்கு அது ஒரு மாதத்துக்குப் போதும். நூறு குப்பிகளை ஒருவர் கையாற் தூக்கத்தக்க குளிர்ப்பெட்டி ஒன்றில் அடக்கலாம். தண்ணீரை ஏற்றின் நாற்பத்து நால்வருக்கு ஒரு நாள். இன்சுலினை ஏற்றின் நூறு பேருக்கு ஒரு மாதம். குருதி, குழந்தைப் பால்மா, வானொலித் தொடர்புக் கருவி, வாளின் உதிரிப்பாகம், ஒரு தாதி, ஒரு மின்பொறியாளர் என இவை யாவும் இவ்வகையைச் சேர்ந்தன. மீளும் வழியில் நோயாளரையும் முதியோரையும் ஏற்றி வருதலும் கூடும்.

ஏற்றும் முறையிலும் கவனம் வேண்டும். கனமான பெட்டிகளை வாற்புறத்தில் அடுக்கினால் விமானத்தின் நிறைமையம் பின்னோக்கி நகரும். எழும்பியதும் மூக்கு மேல்நோக்கி உயர்ந்து விமானம் கட்டுப்பாட்டை இழக்கலாம். மின்பிறப்பாக்கிக்கென அன்பர்கள் தரும் பெற்றோற் கொள்கலன்களும் சமையல் வாயுக் கலங்களும் அடைபட்ட சிறு கூடத்துள் பெருங்கேட்டை விளைக்கத்தக்கவை. அன்போடு தரப்பட்டது என்பதால் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

மூன்றாவது, காலம் அறிதல். நிவாரணத்துக்கு மூன்று பருவங்கள் உண்டு எனலாம். முதல் இரண்டு மூன்று நாட்கள் உயிர்மீட்பின் காலம். அப்போது வான்வெளி மீட்பு ஹெலிகொப்டர்களுக்கு உரியது. அடுத்து, வீதிகள் திறவாதிருக்கும் சில நாட்களே சிறு விமானத்துக்கு உரிய காலம். வீதி ஒன்று திறக்கப்பட்டதும் மூன்றாம் பருவம் தொடங்குகின்றது. ஒரு பெரிய லொறி ஒரு சி-130 அளவு பாரத்தை மிகக் குறைந்த செலவிற் கொண்டுவரும். அதன் பின்னரும் சிறு விமானங்கள் தண்ணீர்ப் போத்தல்களோடு வந்திறங்குமாயின், அவற்றை வழிநடத்தவும் பொருளை இறக்கவும் களைத்துப்போன ஊழியர்களே வேண்டப்படுவர். வேண்டாத பழந்துணிகள் மூட்டை மூட்டையாகக் குவிந்து மருந்துப் பெட்டிகளை மறைப்பது பேரிடர்தோறும் காணப்படும் காட்சியாகும்.

இதனால், அதிகாரிகள் கூறுவதெல்லாம் எப்போதும் சரி என்பது கருத்தன்று. ஹெலீன் அழிவின்போது லேக் லூர் என்னுமிடத்தில் மக்களை மீட்டுக்கொண்டிருந்த தனியார் ஹெலிகொப்டர் விமானி ஒருவர், உடனே நிறுத்தாவிடிற் கைதுசெய்யப்படுவார் என எச்சரிக்கப்பட்ட செய்தி அந்நாட்டிற் பெருவாதத்தை எழுப்பிற்று. அரசின் உதவி எட்டாத பள்ளத்தாக்கில் காத்திருப்போருக்கு, அனுமதி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்னும் வேறுபாடு பொருளற்றது. மறுபுறம், ஒரே பள்ளத்தாக்கில் இரு ஹெலிகொப்டர்கள் ஒன்றையொன்று அறியாது பறப்பின், மீட்போரும் மீட்கப்படுவோரும் ஒருங்கே மாளுதல் கூடும். இருபக்கத்தும் உண்மை உண்டு. தடையும் தீர்வன்று, தான்தோன்றித்தனமும் தீர்வன்று. ஒழுங்கமைப்பே தீர்வு.

அத்தகைய ஒழுங்கமைப்பு இயலும் என்பதற்கும் சான்று உண்டு. 2017ஆம் ஆண்டு ஹார்வி சூறாவளி ரெக்சாஸ் மாநிலத்தை வெள்ளத்தில் ஆழ்த்தியபோது அங்குள்ள தனியார் விமானிகள் ‘ஒப்பரேசன் எயார்டிராப்’ என்னும் தொண்டர் அமைப்பைத் தோற்றுவித்தனர். ஹெலீன் அழிவின்போது அவ்வமைப்பு, அழிவுக்கு வெளியே, எரிபொருளும் மின்சாரமும் உள்ள கொன்கோட் நகர விமான நிலையத்தைத் தளமாகக் கொண்டது. இத்தகைய தளத்தில் நன்கொடைகள் லொறிகளில் வந்து சேரும், வகைபிரித்து நிறுக்கப்படும், ஒவ்வொரு விமானத்தின் வலிக்கும் ஏற்ப ஏற்றப்படும். எவ்விடத்துக்கு எது வேண்டும் என்பது மலைநாட்டிலிருந்தே கேட்டறியப்படும். விமானி தன் விருப்பப்படி செல்லாது, குறித்த நேரத்தில் குறித்த நிலையத்துக்குச் செல்வான். அங்கே பொருளை ஏற்க ஒருவர் காத்திருப்பார். ஒழுங்கில்லாதபோது இடையூறாக இருந்த அதே விமானங்கள், ஒழுங்குபட்டபோது மலைக்கிராமங்களுக்கு உயிர்நாடியாயின.

இவையனைத்தையும் தொகுத்து நோக்கின், புறப்படும் விமானி தன்னைத்தானே கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று எனலாம். இறங்கும் இடத்தில் உள்ள ஒருவர் ‘வருக’ என்று சொன்னாரா? ஏற்றிய பொருள், ஓடுபாதையிலும் வானிலும் அது பிடித்துக்கொள்ளும் இடத்துக்கு ஈடானதா? இன்று அதனைக் கொண்டுசெல்ல வேறு எளிய வழி இல்லையா? மூன்றுக்கும் தக்க விடை கிடைத்தாற் பறத்தல் நன்று. ஒன்றுக்கேனும் கிடையாவிடின், பெட்டியைத் தளத்திலே கொடுத்துவிட்டு வீடு திரும்புதலே உதவியாகும். ரயர் வெடித்து ஒரே ஓடுபாதையின் நடுவே நின்றுவிட்ட சிறு விமானம் ஒன்று, அதன் பின்னால் வரும் மருந்தையெல்லாம் மணிக்கணக்காகத் தடுத்துவிடும். அழைக்கப்பட்டபோது பறந்தவனைப் போலவே, அழைக்கப்படாதபோது தன் விமானத்தைக் கொட்டகையில் நிறுத்தி வைத்தவனும் துயருற்றோருக்கு உதவியவனே ஆவான்.